இறங்கிய அம்மை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் மதினி வீட்டு விசேஷத்துக்குப் போய்த் தங்கிவிட்டு மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். அந்த வாரமே இடுப்பின் ஒரு பக்கம் தீப்பட்டதுபோல் எரிந்து, வரிசையாகக் கொப்புளம் கிளம்பியது. அக்கி என்றார்கள். மதினி கொடுத்த போர்வைதான் காரணம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. யார் யாரோ போர்த்தியதைத் துவைக்காமல் எடுத்துக் கொடுத்திருப்பாள்.

டாக்டரம்மாவிடமும் போர்வையைப் பற்றியே புலம்பினேன். அவர் அதைக் காதிலேயே வாங்காமல், "சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா?" என்று கேட்டார்.

"போட்டுச்சு. வேப்பிலை போட்டு மூணு தண்ணி ஊத்துனாக. அப்பவே இறங்கிருச்சே!"

"இறங்குனது நெசந்தான். ஆனா ஒடம்ப விட்டுப் போகல. நரம்புக்குள்ள இறங்கி ஒளிஞ்சுக்கிருச்சு. கிருமிய வெரட்டியாச்சுன்னு ஒங்க ஒடம்பு நம்பிருச்சு. எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் அசந்த நேரம் பாத்து இப்ப அக்கியா வெளிய வந்திருக்கு."

கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான். உள்ளேயே ஒருத்தன் இத்தனை வருஷமாகப் படுத்திருந்திருக்கிறான்.

கொப்புளம் காய்ந்ததும் வீட்டுக்காரர், "எல்லாம் இறங்கிருச்சுல்ல?" என்றார்.

"எங்க இறங்குச்சுன்னு கேளுங்க" என்றேன்.