பேர் சொல்லாத கஷாயம்

பி.யூ.சி. ரசாயனப் பரீட்சையன்று விடியும்போதே எனக்கு வயிறு கெட்டுவிட்டது. முந்தின மாலை ஆரப்பாளையத்தில் சமயநல்லூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வாங்கித் தின்ற போண்டாவின் வேலை. கொல்லைக்கும் வீட்டுக்குமாக நாலு நடை, அப்புறம் வேலியோரம் வாந்தி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அன்றைக்குப் போகாவிட்டால் மறுபடி எழுத யாரும் அனுப்பமாட்டார்கள்.

அம்மா அடுப்பில் கஷாயம் ஏற்றினாள். அதில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று குடித்து முடிக்கும்வரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது, சொன்னால் மருந்து கேட்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

டீக்கடையிலிருந்து அண்ணன் வந்தான். நான் வாந்தியெடுத்ததைப் பார்த்த யாரோ அங்கே அவனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கறுப்பாகக் கொதித்ததை எட்டிப் பார்த்தான்.

"என்னாத்தா இது?"

"உன் தங்கச்சிக்கு. போடா அங்கிட்டு."

"என்னத்தப் போட்டுருக்கன்னு கேக்குறேன்ல!"

அம்மா உதட்டை மடித்துக்கொண்டாள். அவனுக்கு அதுவே பதிலாகிவிட்டது.

"கலைக்கிறதுக்குக் காய்ச்சுறியா? படிக்கப் போறேன்னு இவ ஊர் மேஞ்சிட்டு வருவா, நீ தொடச்சு விடுவியா?"

அம்மாவின் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். நான் நடுவில் பாய்ந்தேன். பிடறியில் ஓர் அறை. விழுந்தவளை விலாவில் மிதித்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மாடத்திலிருந்த என் ஹால் டிக்கெட்டை உருவி அடுப்புக்கு நேரே பிடித்தான்.

"இனிமே பஸ் ஏறுனா கால வெட்டிருவேன்."

நெற்றியில் ரத்தம் இறங்கியும் அம்மா வாயைத் திறக்கவில்லை. நான் பரீட்சை எழுதவேண்டும் என்றுதான் திறக்கவில்லை. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ஓமம்! சுக்கு! மாதுளம்பழத் தோல்! கறிவேப்பில!" என்று கத்தினேன். "பேதி நிக்கிறதுக்குண்ணே. சந்தேகம்னா கொல்லையில போய்ப் பாரு!"

அம்மா கரண்டியால் என் தோளில் ஓங்கிப் போட்டாள். "சொல்லிட்டியேடி பாவி! அம்புட்டும் வீணாப் போச்சே!"

நான் சொன்னதை நம்பாதவன் அந்த அடியை நம்பினான். ஹால் டிக்கெட் பிடித்த கை அடுப்பைவிட்டு விலகியது. "மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று அம்மாவிடமே எரிந்து விழுந்தான்.

முந்தானையால் சட்டியைப் பிடித்து ஒரு டம்ளர் ஊற்றி அவனிடம் நீட்டினேன். "நீயும் குடிண்ணே. கலைக்கிற மருந்துன்னாலும் ஒன்னிய ஒண்ணும் செய்யாதுல்ல."

வாங்காமல் கையை ஓங்கினான். டம்ளரை அவன் பாதத்தில் கவிழ்த்தேன். அலறிக் குதித்தான். கீழே விழுந்த ஹால் டிக்கெட்டை நான் எடுப்பதற்குள் என் சடையைப் பற்றினான். அம்மா அரிவாள்மணையைத் தூக்கிவிட்டாள்.

"புள்ளைய விடுறா. பஸ் வந்துரும்."

விட்டான். சட்டியில் மிச்சமிருந்ததை நாக்கு வெந்துபோகக் குடித்துவிட்டு ஹால் டிக்கெட்டோடு ஓடினேன். வீங்கிய உதட்டோடு பரீட்சை எழுதினேன். நடுவில் மூன்று முறை எழுந்து வெளியே போகவேண்டியிருந்தது. தேறிவிட்டேன்.

"பேரச் சொல்லாம இருந்திருந்தா ஒரு தரங்கூட எந்திரிச்சிருக்க மாட்ட" என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

அன்று சாயங்காலம் நான் திரும்பியபோது அண்ணனின் பாதத்தில் பச்சையாக எதையோ அரைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். என்ன இலை என்று அவன் கேட்கவில்லை.