கீபோர்டுக்கு அடியில் இருந்த தாள்

“இது சரிவருமா மகள்? பழகின கை இது.”

எல்லோரும் நானா என்று கூப்பிடும் எங்கள் கவுண்டரின் மூத்தவர் இதைச் சொன்னபோது நான் கணினியின் முன் குனிந்து நின்றிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னால் முடியுமா என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. யார் எதைச் சந்தேகித்தாலும் என் படிப்பைச் சந்தேகிப்பதாகவே என் காதில் விழும். “அதெல்லாம் சரிவரும் நானா, நீங்க சும்மா இருந்து பாருங்க” என்றேன்.

எங்கள் அலுவலகம் உக்குவளைப் பக்கம் இருக்கிறது, பெயர் வேண்டாம். விண்ணப்பங்களைப் பதிந்து பதிவுத் துண்டு கொடுக்கும் கவுண்டரில் மூன்று பேருக்கு ஒரே கணினி: நானா, ஒரு சிங்கள மிஸ், நான். மூவரும் ஒரே கணக்கில் நுழைந்து, சிங்களத்தில் வரும் திரையில் வேலை செய்தோம். ஒருவருடைய கோப்பு மற்றவருடையதில் கலந்துவிடுகிறது என்று, ஆளுக்கொரு கணக்கு உண்டாக்கும்படி தலைமை எழுத்தரான பிரதம லிகிதர் என்னிடம் சொன்னார். மிஸ்ஸுக்குச் சிங்களம் வைத்தேன். எனக்குத் தமிழ். நானாவுக்கும் தமிழ். அவரிடம் கேட்கவில்லை. மாத்தளையில் தலைமுறைகளாக இருக்கும் முஸ்லிம் குடும்பம் அவருடையது. வீட்டில், பள்ளிவாசலில், கவுண்டரில் எங்கள் ஆட்களோடு, எங்கும் தமிழ்தான் பேசினார். பிறகு கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். “பாருங்க நானா, இனி எல்லாம் நம்ம பாஷையில வரும்” என்றேன். அவர் திரையை நெடுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் ஈக்கி மகள்” என்றார்.

அதன் பிறகு நானாவின் கை மந்தமாயிற்று. திரையில் மெனுப் பட்டியலைத் திறந்தால் கீழிருந்து மேலே விரலால் எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று, பிறகுதான் அழுத்துவார். பதிவுத் திரையும் தமிழில் வந்ததால் ஒவ்வொரு கட்டத்திலும் தயங்குவார். யாராவது தமிழில் எழுதிய கடிதத்தை நீட்டினால், “கண்ணாடிய ஊட்டுல வெச்சிட்டு வந்துட்டேன், நீங்களே வாசிச்சுக் காட்டுங்க” என்பார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையில் இருக்கும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். வயதாகிறது, மறந்துபோகிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, “எழுத்து சரியா விழல, நீ பாரு” என்று என்னிடம் தருவார். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் ஒரு நாள் கணினி தானாகவே புதுப்பித்துக்கொண்டது. பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது. அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. நானா எண்ணி அழுத்திய இடத்தில் வேறொன்று இருந்தது. காலையில் பதிந்த அத்தனையும் போயிற்று. வரிசை வாசல்வரை நின்றது. “நானா, நோம்பு தொறக்க முந்தித் துண்டு கெடைக்குமா?” என்று ஒரு வியாபாரி குரல் கொடுத்தார். “கெடைக்கும், எந்த வருசத்து நோம்புன்னு மட்டும் கேக்காதீங்க” என்றார் நானா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரமே புகார்க் கடிதம் வந்தது.

நானாவுக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. அந்தக் கவுண்டர்க் கதிரையில் உட்கார்ந்தபடியே அதை முடித்துவிட வேண்டும் என்பார். வீடு நடந்து போகும் தூரம். மூட்டு வலியால் எழ முடியாத மனைவிக்கு மத்தியானம் போய்ச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு வருவார். பிரதம லிகிதர் என்னிடம், “நானாவுக்கு வயசு போச்சுதானே. வில்கமுவ கிளையில ஆக்கள் வாறது கொறவு. அங்க இருந்தா அவருக்கும் லேசு” என்றார். நான் தலையாட்டினேன். அடுத்த மாதம் மாற்றல் வந்தது. இப்போது நானா அங்கே வாடகைக்கு ஓர் அறையில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறார். மனைவியைத் தம் மகள் வீட்டில் விட்டிருக்கிறார்.

போன வாரம் மேசையைத் துடைக்கும்போது, கீபோர்டின் அடியில் டேப்பால் ஒட்டியிருந்த தாளைக் கண்டேன். கலண்டர் தாளின் பின்பக்கம். கட்டம் கட்டமாகப் பட்டியல் வரைந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் தமிழ்ச் சொல், எழுதியதாக அல்ல, பூவையோ கோலத்தையோ பார்த்து வரைந்ததைப் போல. சுழிகள் மாறிக் கிடந்தன. பக்கத்தில் அழகான சிங்கள எழுத்தில் அதன் பொருள், கீழிருந்து எத்தனையாவது என்ற எண். மிஸ்ஸிடம் காட்டினேன். “நானா எங்க அண்ணாவோட ஒண்ணா சிங்களப் பள்ளியில படிச்சவர்தானே. தமிழ் எழுத்த வீட்டுல படிச்சிருப்பார்னு நாங்க நெனச்சோம்” என்று சிங்களத்தில் சொன்னாள். கடைசிக் கட்டத்தில் ஒரு பற்சக்கரம் வரைந்திருந்தது. மொழியை மாற்றும் இடத்துக்கு அதன் வழியாகத்தான் போக வேண்டும். போகிற வழியெல்லாம் தமிழில் இருக்கும். அதன் பக்கத்தில் சிங்களத்தில், ‘மகளிடம் கேட்க வேண்டும்’.

இரண்டு மூன்று தடவை அவர் என் மேசைக்கு வந்து நின்றது நினைவிருக்கிறது. நான் நிமிர்ந்து பார்த்தால், “தேத்தண்ணி குடிச்சீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போவார்.

எனக்கு அழுகை வரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு அன்றைய துண்டுகளைக் கொடுத்து முடித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். பிறகு சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதினேன். கவுண்டரில் ஏற்பட்ட தாமதத்துக்கு நான் மாற்றிய அமைப்பே காரணம், நானாவை மீண்டும் இங்கே எடுக்க வேண்டும் என்று. அவருக்கு எது வாசிக்கத் தெரியும், எது தெரியாது என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மறுநாள் பிரதம லிகிதரின் கதவுவரை கொண்டுபோனேன். அங்கே நின்றபோதுதான் தோன்றியது, இதையும் நானாவிடம் கேட்காமல் செய்யப் போகிறேன் என்று.

திரும்பி வந்து லீவு எழுதிக் கொடுத்தேன். இதைத் தொலைபேசியில் தட்டிக்கொண்டிருப்பது வில்கமுவ பஸ்ஸில். பஸ் நாவுல டவுனைத் தாண்டிவிட்டது. பையில் தாளும் இருக்கிறது, கடிதமும் இருக்கிறது. கடிதத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து, அதை அவரிடமே வாசிக்கக் கொடுத்து, இது சரிவருமா நானா என்று கேட்க வேண்டும்.