அக்கா வீட்டுக்கு மட்டும் போடாத பத்து

என் வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் 'ஒருவேளை' என்று பெயர். கட்டடம் கட்டித் தரும் ஒரு கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிற வேலை அவருக்கு. எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சிமென்ட், ஆள்கூலி எவ்வளவு என்று எல்லாம் கணக்குப் போட்டு முடித்தபின், கடைசி வரியில் 'எதிர்பாராத செலவு, நூற்றுக்குப் பத்து' என்று எழுதாமல் அவருக்குப் பேனாவை மூட வராது. வீடு கட்ட வருகிறவர்கள் முதலில் கை வைப்பதும் அந்த வரியில்தான்.

"அதான் எதிர்பார்த்துட்டீங்களே, அப்புறம் எப்படி சார் அது எதிர்பாராத செலவு?" என்று ஒருத்தர் கேட்டாராம். இவர் சிரிக்கவில்லை. "ஒருவேளை மழை பிடிச்சுக்கிட்டா? ஒருவேளை கம்பி விலை ஏறினா? ஒருவேளை தோண்டுற இடத்துல பாறை இருந்தா?" என்று ஆரம்பித்து, வந்தவர் நாற்காலியைத் தேடி உட்காருகிற வரைக்கும் விடவில்லை. பெயர் அப்படி வந்ததுதான்.

வீட்டிலும் அதே கதை. ஜன்னல் திரைக்குத் துணி எடுத்தால் ஒரு மீட்டர் கூட. ரயிலுக்குப் போனால், ரயில் வருவதற்குள் நாங்கள் பிளாட்பாரத்துக்கே சொந்தக்காரர்கள் ஆகிவிடுவோம். திட்டித் திட்டி அலுத்துப்போய், அவர் எதைச் சொன்னாலும் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ள நானும் பழகிவிட்டேன். எல்லாரும் அப்படித்தான் பழகியிருந்தார்கள், அவருடைய முதலாளி உள்பட.

அவருக்கு ஒரே அக்கா. என் நாத்தனார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கணவர் இல்லை, பிள்ளையும் இல்லை. வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின், பின்னறையில் கட்டில், அவ்வளவுதான் அவர் உலகம். வீட்டு ஓனர் மகனுக்காக வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், எப்போதோ வாங்கிப்போட்ட மனையில் சின்னதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று கிளம்பினார். மெஷினுக்கு ஒரு அறை, தனக்கு ஒரு அறை, ஒரு சமையலறை. கடன் கேட்டு அண்ணிக்குப் பழக்கமில்லை. கையில் இருப்பதற்குள் வீடு முடிய வேண்டும்.

இவர் தோராயமாக ஒரு தொகை சொன்னார். அண்ணியின் முகம் தொங்கிப்போயிற்று.

"அவ்வளவா? அப்ப விடுடா. இன்னொரு வாடகை வீடு பார்த்துக்கறேன்."

மறுநாள் இவர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கணக்கை மறுபடி போட்டார். செங்கல்லில் குறைக்க வழியில்லை, கூலியிலும் வழியில்லை. கடைசி வரியை அடித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அந்த வரியை அடித்து நான் பார்த்ததில்லை.

"என்னங்க இது?" என்றேன்.

"அக்கா வீடு. நானே கூட நின்னு பார்த்துக்கறேன். ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாது என்ற பேச்சே அவர் வாயில் புதுசு.

புதுத் தொகையை அண்ணி இரண்டு தடவை பார்த்தார். "எல்லாம் சேர்த்துத்தானே?"

"எல்லாம் சேர்த்துத்தான்க்கா."

சொன்னவர் என் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்கு வீட்டில் தட்டில் போட்டதைக் கிளறிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துபோனார்.

அஸ்திவாரம் தோண்டும்போது நானும் போயிருந்தேன். மேலே நல்ல மண்தான். மனையின் ஒரு பக்கத்தில் மட்டும், இடுப்பளவு இறங்கியதும், சொதசொதவென்று கறுப்பாக வர ஆரம்பித்தது. கூடவே உடைந்த பாட்டில், அறுந்த செருப்பு. மேஸ்திரி கடப்பாரையைக் குத்தினார். அது பாட்டுக்கு உள்ளே போயிற்று.

"பழைய குப்பைப் பள்ளம் சார். மேல மண்ணைக் கொட்டி வித்திருக்கானுங்க. இது மேல சுவர் நிக்காது. கெட்டி மண் வர்ற வரைக்கும் போயி, கல்லும் கான்கிரீட்டும் போட்டு மேல வரணும்."

இவருக்கு வேர்த்துக் கொட்டியது. முன்னாடியே அந்த ஓரத்தில் ஒரு குழி தோண்டிப் பார்த்திருக்கலாம். அதற்கான செலவும் அடித்த வரியோடு போயிருந்தது.

அந்த நேரம் பார்த்து அண்ணி பிளாஸ்கில் டீயோடு வந்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பயப்படவே இல்லை.

"இதுக்கு ஏன் எல்லாரும் மூஞ்சியை இப்படி வச்சிருக்கீங்க? என் தம்பி குளிக்கப் போனாலே ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போறவன். இதுக்குப் போடாமலா இருப்பான்?"

மேஸ்திரி சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள்.

"அக்கா, இந்தத் தடவை போடலை."

"சும்மா இருடா."

"நிஜமாத்தான். போட்டா நீ கட்டவே மாட்டேன்னு எடுத்துட்டேன்."

அண்ணி செங்கல் அடுக்கின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு, "நானும் எடுத்துட்டேனேடா" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை.

"நீ ஒரு தொகை சொன்னா அதுல பத்துல ஒரு பங்கு கூடத்தான் இருக்கும்னு எனக்குத் தெரியாதா? அதை எடுத்து கார்பெண்டர்கிட்ட கொடுத்துட்டேன், சமையலறைக்கு அலமாரி செய்ய. அளவெடுத்து மரத்தையும் அறுத்தாச்சு."

இல்லாத பணத்தை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்திருந்தார்கள். யாரைத் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. இவரைப் பார்த்தேன். பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்ட அப்போது எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கமாட்டேன் என்று அண்ணி ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வாங்கினார். அதையும் பள்ளம் விழுங்கியது. அப்படியும் மெஷின் அறையை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஒரு அறை, ஒரு சமையலறை என்று வீடு முடிந்தது. அலமாரி மட்டும் ஜம்மென்று இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் புகழ ஆரம்பித்தால் இவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அண்ணி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. "திட்டிடேன்க்கா" என்று இவரே ஒரு நாள் கேட்டார்.

"எதுக்குடா? நான் கேட்டேன், நீ சொன்னே. அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டு அண்ணி ஊசியில் நூல் கோத்தார்.

குடிபோன அன்று பள்ளத்துப் பக்கத்துச் சுவரை இவர் உள்ளங்கையால் தட்டிக் காட்டினார். அந்தச் சுவருக்கு அடியில் ஒவ்வொரு கல்லும் விழும்போது இவர் பக்கத்தில் நின்றிருக்கிறார். "கெட்டி மண் வரைக்கும் போயிருக்குக்கா. விரிசல்கூட விடாது. நிம்மதியாத் தூங்கு." அவர் சொன்னது அத்தனையும் உண்மை.

"சரிடா" என்றார் அண்ணி.

கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடந்தது. பிறகு அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தக் கட்டிலை எதிர்ப்பக்கச் சுவரோரமாப் போட்டுக்கலாம்மா. ஒரு கை பிடி."

கட்டில் நல்ல கனம். எங்கள் இரண்டு பேராலும் அசைக்க முடியவில்லை. இவர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, அக்காவின் கையை விலக்கிவிட்டு, கட்டிலின் அந்தப் பக்கத்தைத் தூக்கினார்.