படியில் உட்கார்ந்து இறங்கியவர்

பூட்டுக்காரருக்கு வலக்கால் முழங்காலோடு முடிந்துபோயிருந்தது. சிறுநீரகங்கள் அதற்கு முன்பே கைவிரித்துவிட்டன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்; தவறினால் மூச்சு முட்டும், பிறகு முட்டுவதற்கு மூச்சே இருக்காது.

நடக்க இயலாதோரை ஏற்றிச் செல்லவென்றே நகரசபை ஒரு வேன் வைத்திருந்தது. இயலாதவர் தெருவாசலுக்குத் தாமே வந்து சேர வேண்டும் என்பது அதன் விதி. ஓட்டுநர் இருக்கையைவிட்டு இறங்கலாகாது என்பது மற்றொன்று.

அவர் குடியிருந்தது மாடியில். மனைவி சக்கர நாற்காலியைக் கீழே இறக்கி வைப்பாள். அவர் படிப்படியாக உட்கார்ந்தே இறங்கி வருவார். ஒருநாள் வேனில் வந்த மேற்பார்வையாளர் இந்தக் காட்சியைக் கண்டார், மெச்சினார், எழுதிக்கொண்டார். மறுவாரம் வேன் வரவில்லை. 'உதவியின்றிப் படியிறங்கும் திறனுடையவர்' என்று அவரைத் தரம் உயர்த்தியிருந்தார்கள். மருத்துவர்களால் ஆகாததை ஒரு பேனா செய்து முடித்திருந்தது.

"நீங்க இறங்காம இருந்திருக்கலாம்," என்றாள் மனைவி.

"இறங்கலைன்னா வரலைன்னு எழுதுவாங்க. இறங்கினா நல்லா இருக்கேன்னு எழுதுறாங்க. நடுப்படியில தொங்கிட்டு இருக்கணும்போல."

வாடகைக் காரில் சில வாரம் ஓடியது. அதற்குமேல் குடும்பத்துக்குத் தாங்காது. மேல்முறையீடு செய்தார், நேரில் வரச் சொன்னார்கள். அதுவும் டயாலிசிஸ் நாளன்று. அலுவலகம் இரண்டாம் மாடியில்; லிஃப்ட் பழுது.

"தூக்கிட்டுப் போயிடவா மாமா?" என்றார் கூட வந்த மருமகன்.

"வேண்டாம் மாப்பிள்ளை. மாடி ஏறிட்டான்னு எழுதிடுவாங்க. இங்கேயே நிறுத்துங்க."

படிக்கட்டு குறுகல். அதன் அடிவாயை நாற்காலி அடைத்துக்கொண்டது. பூட்டுக்காரர் பிரேக்கை அழுத்திவிட்டுக் கைகட்டி அமர்ந்தார். தேநீர் வேளை வந்தது. அலுவலகமே வரிசையாக இறங்கி வந்து நின்றது.

"கொஞ்சம் ஒதுங்குங்க பெரியவரே, டீக்குப் போகணும்," என்றார் முன்னால் நின்ற பெண் எழுத்தர்.

"கைப்பிடியில ஏறித் தாண்டுங்கம்மா. உங்களுக்குத்தான் ரெண்டு காலும் இருக்கே."

அதிகாரி வரிசையைப் பிளந்துகொண்டு வந்தார். "விசாரணை மேலதான் நடக்கணும். நீங்க ஆஜராகலைன்னுதான் பதிவாகும்."

"பதிவு பண்ணுங்க சார். மதியச் சாப்பாட்டுக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

"ஒரு கையெழுத்துதானே, போட்டு விடுங்க சார்," என்று பின்வரிசையிலிருந்து யாரோ கெஞ்சினார்கள்.

ஓர் உயிருக்காக இளகாத விதி, தேநீருக்காக இளகிற்று. கோப்பு கீழே கொண்டுவரப்பட்டது. அதிகாரி சுவரில் சாய்த்து வைத்தே ஆணையை எழுதினார். பூட்டுக்காரர் அதை முதல் வரியிலிருந்து முத்திரை வரை வாசித்தார். வேன் திரும்ப வரும் என்றிருந்தது. எந்த நாளிலிருந்து என்று இல்லை. தாளைத் திருப்பி நீட்டினார்.

"தேதி போடுங்க சார்."

போட்டார். மறுபடியும் முழுவதையும் வாசித்த பின்பே பிரேக்கை விடுவித்தார்.

"டீ குடிச்சுட்டுப் போலாமா மாமா?"

"டயாலிசிஸ் ஊசி குத்த நேரமாச்சு. வண்டியைத் தள்ளுங்க."