ஒரு டிஸ்க்குக்கு இரண்டு டிரைவ்

மகள் கல்லூரியில் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. வாலாஜாபாத்தில் அரிசி ஆலை மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். ஸ்க்ரூ திருகத் தெரிந்தவனுக்கு ரெடிமேட் எதற்கு என்று, பாகங்களை வாங்கி உத்திரமேரூர் வீட்டிலேயே மாட்டிக்கொள்ள முடிவு செய்தோம். வேண்டியதை எல்லாம் அவளே போனில் பார்த்து எழுதினாள். அதில் நான் சேர்க்கச் சொன்னது டிவிடி டிரைவ் ஒன்றுதான்.

"இப்ப யாரு நைனா டிஸ்க் போடறாங்க? கேபினெட்ல அதுக்கு எடமே வர்றது இல்ல."

"உங்கம்மா டிஸ்க் ஒண்ணு கீதே," என்றேன். அவள் டிவிடி டிரைவையும் எழுதிக்கொண்டாள்.

மகளுக்கு ஒரு வயதில் காது குத்தியபோது எடுத்த வீடியோ அது. மறு வருடமே என் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். அவள் குரல் பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான். வீட்டு பிளேயர் கெட்டுப் பல வருடமாகிறது. பழுது பார்க்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகாது. அவளைப் பார்க்கிற தைரியம்தான் இல்லை. அம்மா எப்படிப் பேசுவாங்க என்று மகள் கேட்கும்போதெல்லாம், "மெதுவா, பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காது" என்பேன். மகளுக்கு அந்தக் குரலை ஒரு தரமாவது கேட்க வேண்டும்.

கடையில் மூன்று விதம் காட்டினார்கள். ஒயரில் மாட்டும் ஒல்லி டிரைவ், உள்ளே பொருத்தும் புது டிரைவ், யாரோ கழற்றிப் போட்ட பழைய டிரைவ். எது நன்றாகப் படிக்கும் என்று கேட்டு டிஸ்க்கை எடுத்து நீட்டினேன். கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, டிஸ்க்குக்குப் பொட்டு வெச்சிக்கீறீங்க?"

வருடா வருடம் நினைவு நாளில் படையல் போடும்போது, அவள் போட்டோவுக்கு வைக்கிற சந்தனம் குங்குமத்தை டிஸ்க்குக்கும் வைத்து வந்தேன். அதன் ஒரு பக்கத்தில் தாயும் பிள்ளையுமாகப் படம் அச்சிட்டிருந்தது. முகத்தில் அப்பிவிடக் கூடாதே என்று திருப்பிப் போட்டு, பளபளக்கிற பக்கத்தில் ஓரமாக மூன்று பொட்டு. டிரைவ் படிக்கிற பக்கமே அதுதான் என்று எனக்கு உறைக்கவில்லை. மோட்டார் மெக்கானிக்காம்! அங்கேயே என்னை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஈரத் துணியால் துடைத்தார். சந்தனம் போயிற்று, கறை போகவில்லை. "ஒல்லி டிரைவ் வேணாம் சார், இது மாரி டிஸ்க்கைக் கண்டா துப்பிடும். மத்த ரெண்டையும் எடுத்துக்குங்க. ஒண்ணு படிக்காதத இன்னொண்ணு படிக்கும். படிச்சிடுச்சின்னா மொத வேலையா காப்பி எடுத்துடுங்க," என்றார். இரண்டையும், அவற்றுக்கு இடமுள்ள பழைய மாடல் கேபினெட் ஒன்றையும் வாங்கி வந்தோம்.

ஞாயிறன்று எல்லாவற்றையும் மாட்டினோம். புது டிரைவ் இரண்டு நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு டிஸ்க்கை வெளியே தள்ளியது. மகள் அதைப் பழையதில் போட்டாள். அது உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. படம் வந்தது.

பந்தல், மேளம், தாய்மாமன் மடியில் மகள். கேமரா என் மனைவி பக்கம் திரும்பியது.

"யோவ்! என்னை இன்னாத்துக்குய்யா புடிக்கிற? கொயந்தையப் புடி! அது அயுவுறதுக்குள்ள புடி!"

மேளத்தையும் மீறிக் கேட்டது. கணீரென்ற குரல். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். காது குத்தும் முன்பே படம் உறைந்துபோயிற்று. மிச்சமெல்லாம் நான் பொட்டு வைத்த இடம்.

மகள் என்னைப் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்படித்தான் பேசினாள் என் மனைவி. அவள் கூப்பிட்டால் தெருக்கோடியில் நான் சைக்கிளை நிறுத்துவேன். எப்படி மறந்தேன்? படுக்கையில் கிடந்த கடைசி வாரத்து முனகலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, அதையே அவள் குரலாக்கிவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லியே, "தெருவுக்கே கேக்குது, உங்கம்மா மாரி அடக்கமாப் பேசு" என்று எத்தனை முறை இவள் வாயை அடைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் இவள் வீட்டில் பேசுவதே காதில் விழுவதில்லை.

"தப்புப் பண்ணிட்டேம்மா," என்றேன்.

அவள் உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

"இன்னாம்மா?"

"இன்னொரு தபா போடு நைனா!" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.