டிபியாக இருக்கட்டும்

என் மனைவிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தபோது, மாடிப்படி ஏறி இறங்குவதால் என்றுதான் நினைத்தோம். பிறகு படுத்தாலும் வாங்கியது. சுவரோரம் தலையணையைச் சாய்த்து, உட்கார்ந்தபடியே தூங்கினாள். எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார். டிபியாகவும் இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஸ்கேனில் பார்த்து, நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

அவள் பிறந்த திருவாதவூரில் டிபி வந்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அவளுடைய சித்தப்பாவுக்கு வந்ததை ஆஸ்துமா என்றே கடைசிவரை சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவள்தான், ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கேனுக்கு ஆட்டோவில் போகும்போது, "டிபியா இருந்தா மாவிளக்கு எடுக்கிறேன்னு நேந்திருக்கேன்" என்றாள்.

"இதுக்கெல்லாமா நேந்துக்குவாக?"

"மாத்திரை தின்னா போயிரும்ல. பெறகென்ன?"

கே.கே. நகர் ஆஸ்பத்திரியில் அவளை முன்பக்கம் குனிந்து, தலையணையில் கை ஊன்றி உட்காரச் சொன்னார்கள். ஸ்கேன் பார்க்கும் டாக்டரம்மா முதுகில் ஜெல்லியைத் தடவினார்.

"ஐஸா இருக்கே. பிள்ளைய வயித்துல வச்சிருந்தப்பக்கூட இம்புட்டு தடவல" என்றாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

ஸ்கேன் திரை அவளுக்குப் பின்னால் இருந்தது. எனக்கு நேராக இருந்தது. கறுப்பாகத் தெரிவதுதான் தண்ணீர் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தக் கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, வாளித் தண்ணீரில் கிடக்கும் துணிபோல, மூச்சுக்கு மூச்சு அசைந்தது. அதுதான் நுரையீரலாம். அதற்குக் கீழே ஓரத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருந்தன. கருவி அந்த இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி அங்கேயே வந்து நின்றது. டாக்டரம்மா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"ஏங்க, உங்களுக்குத் தெரியுதுல்ல? எப்படி இருக்கு?"

"தண்ணியா இருக்கு."

"அது தெரிஞ்சுதான வந்தோம்."

பஸ்ஸில் இறங்கும் இடம் கேட்பதற்குக்கூட அவளைத்தான் முன்னால் விடுவேன். எனக்கு யாரிடமும் பேச வராது. அதனால் அன்று நான் அதோடு நிறுத்திக்கொண்டதை அவள் வித்தியாசமாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்கேனில் பார்த்து முதுகில் பேனாவால் குறி வைத்து, அங்கே ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். பால் ஊற்றாத டீ நிறத்தில் வந்தது. மூச்சு லேசானதும் அவள் முகம் தெளிந்தது. "பாத்தீகளா, டிபிதான்" என்றாள்.

அவள் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது நான் வெளியே வந்து டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அந்த மேடு மேடா இருந்துச்சே, அது என்னங்க?"

"அதப் பாத்துத்தான் எனக்கும் சந்தேகம். ஸ்கேன மட்டும் வச்சு முடிவு சொல்லக் கூடாதுங்க. தண்ணி டெஸ்ட் வரட்டும்."

வந்தது. புற்றுநோய்தான். டாக்டரம்மா அவளிடமே, மெதுவாக, மறைக்காமல் சொன்னார். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றியபடி, "சரிங்க டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

வீடு வந்து இறங்கியதும் எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "என்னம்மா சொன்னாக?" என்று கேட்டார்.

"டிபியாம்க்கா."

அக்கா இரண்டடி பின்னால் போனார். உள்ளே போன பிறகுதான் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"புத்துநோய்னு சொன்னா பொணத்தப் பாக்க வார மாதிரி வருவாக. டிபின்னா தள்ளி நின்னாவது எப்பயும்போல பேசுவாக. யார் கேட்டாலும் நீங்களும் அதையே சொல்லுங்க."

இப்போது அக்கா தினமும் எங்கள் வாசல் கேட்டில் குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு, தெருவில் நின்றபடியே, "மாத்திரைய மட்டும் விட்றாதம்மா, சரியாப் போயிரும்" என்கிறார்.

"விட மாட்டேன்க்கா" என்கிறாள் இவள், உள்ளேயிருந்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டு. கிண்ணத்தை எடுத்து வர நான்தான் போகிறேன்.