விசைகளுக்கு வைத்த பொட்டு

என் மனைவிக்கு வலப்பக்கம் செயலிழந்தபோது பேச்சும் போயிற்று. தண்ணீர் வேண்டும் என்று கேட்க வராது. ஆனால் ஆழ்வார் பாசுரம் வந்தது. விடியலில் அடி மாற்றி அடி பாடிச் சேவித்துப் பழகியவர்கள் நாங்கள். ஓரடி என்னுடையது, அடுத்தது அவளுடையது. பண்ணோடு நெஞ்சில் பதிந்தது மூளையில் வேறோரிடத்தில் தங்கும் என்றார் மருத்துவர். சொல்லாமல் விட்டால் அதுவும் மறையலாம் என்றார்.

ஆகவே அவள் பாசுரத்தாலேயே என்னை அழைத்தாள். மழையைப் பாடினால் தண்ணீர். தென்றலைப் பாடினால் மின்விசிறி. விளக்கேற்றும் அடி வந்தால் விளக்கு. கழிப்பறைக்கு எந்த அடியும் ஆகாது. அதற்குக் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். அடுத்த அடியைச் சொல்லிக்கொண்டே நான் எழுந்து போவேன். உழவர்கரை வீட்டில் நாட்கள் இவ்வாறு சென்றன. துயரம் என்று எதையும் நான் உணரவில்லை. செய்ய வேண்டியவை இருந்தன, செய்தேன்.

புதிய நூற்றாண்டு பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவளுடைய தம்பி பிரெஞ்சுப் படையில் தந்திப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊர் வழக்கில் சொல்தா. சில மாதம் தங்க வந்தவர், தடித்த விசைப்பலகை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார்.

“என்ன மச்சான், டைப்ரைட்டரா?”

“ஓர்தினாத்தர் மாமா, கம்ப்யூட்டரு. எம் புள்ளைங்க சின்ன வயசுல வெளையாடினது. அங்க குப்பையிலகூட எடுத்துக்க மாட்டேங்கறான்.”

“குப்பைக்கே ஆவாதத எதுக்குத் தூக்கினு வந்த?”

“உங்க முட்டி வலிக்குத்தான். சும்மா பாருங்க.”

அதைப் பழைய தொலைக்காட்சியோடு இணைத்தார். மின்விசிறி, விளக்கு, அழைப்பு மணி மூன்றின் கம்பிகளையும் ஒரு மரப்பெட்டி வழியே அதற்குள் கொண்டுவந்தார். அதற்குரிய கட்டளைகள் ஒரு கேசட்டில் இருந்தன. கேசட்டை ஓடவிட்டால் கீச்சென்ற ஓசை நெடுநேரம் வரும். அதன் பிறகே கணினி கீழ்ப்படியும். மின்சாரம் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மீண்டும் கேசட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

எழுத்துகளையும் அவள் மறந்திருந்தாள். அதனால் விசிறியின் விசைக்குச் சந்தனமும், விளக்குக்கு மஞ்சளும், மணிக்குக் குங்குமமும் இட்டார்.

“அக்கா, இனிமே பாட்டு பாடி மாமாவ தொரத்தாத. ஒரு தட்டு போதும். மிஷினுக்குப் பொட்டு வெச்ச மொத சொல்தா நாந்தான்!”

இடப்பக்க உதடு மட்டும் சிரித்தது. அன்று மாலைக்குள் மூன்று விசைகளும் அவளுக்குப் பழகிவிட்டன.

வீடு அமைதியாயிற்று. மணி அடித்தால் நீர் கொண்டு போவேன்; விசிறிக்கும் விளக்குக்கும் நான் வேண்டியதில்லை. விடியலில் என் அடியைச் சொல்லி நிறுத்துவேன். அவள் கூரையைப் பார்த்திருப்பாள். சற்றுப் பொறுத்து அவளுடைய அடியையும் நானே சொல்வேன். எஞ்சிய ஒரே மொழியும் அவளுக்குள் அழிந்துவிட்டதா? மருத்துவர் சொன்னதை நினைத்தேன். அறிந்துகொள்ள வழியில்லை.

கத்திரி வெயிலில் ஒருநாள் மின்சாரம் போய்த் திரும்பியது. நான் கேசட்டைப் போடவில்லை. அவள் சந்தனப் பொட்டை அழுத்தினாள், மீண்டும் அழுத்தினாள், என்னைப் பார்த்தாள். தென்றல் பாசுரத்தின் முதலடியைச் சொல்லிக் காத்திருந்தேன். அவள் நெற்றி வியர்த்து வழிந்தது. வாய் திறக்கவில்லை.

மைத்துனர் உள்ளே வந்தார்.

“கரண்டு வந்து எவ்ளோ நேரமாச்சு! ஏன் மாமா கேசட்டு போடல?”

“பாடுறாளான்னு பாத்தேன்.”

“அதுக்கு வேர்வையில வேக வெக்கணுமா? அக்கா, ஒண்ணு பாடேன். மாமா டிக்கெட்டு வாங்கினு ஒக்காந்திருக்காரு.”

அவள் சிரிக்கவில்லை. இடக்கையைத் தூக்கிச் சுவரில் இருந்த பெருமாள் படத்தைக் காட்டினாள். பிறகு விசிறியைக் காட்டி, வேண்டாம் என்பதுபோல் கையை அசைத்தாள்.

“அவருக்குப் பாடறத ஃபேனுக்குப் பாட மாட்டியா?” என்றார் தம்பி.

“ம்” என்று தலையசைத்தாள்.

அத்தனை மாதமும் வேறு வழியின்றியே பாடியிருக்கிறாள். பாசுரத்தைக் கூலி வேலைக்கு அனுப்புவது அபசாரம் என்று எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

“அப்ப விடியகாலையில ஏன் சேவிக்க மாட்டேங்கற?” என்று கேட்டேன்.

நான் பாதியில் நிறுத்திக் காத்திருப்பதைக் கையாலேயே நடித்துக் காட்டினாள்: விரலைத் தன் உதட்டில் வைத்தாள், என்னைப் போலவே கழுத்தைச் சாய்த்து உற்றுப் பார்த்தாள். மைத்துனர் வாய்விட்டுச் சிரித்தார். நான் சேவிக்கவில்லை, அவளுக்குப் பரீட்சை வைத்திருந்தேன். நான் கேசட்டைப் போட்டேன்.

மறுநாள் விடியலில் எங்கும் நிறுத்தாமல், அவள் பக்கம் திரும்பாமல், என் அடிகளையும் அவளுடைய அடிகளையும் சேர்த்தே சேவித்தேன். முடிவில் தீர்த்தம் கொடுக்கப் போனபோது அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. விசிறியின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. விசிறியை நிறுத்தும் சந்தன விசை என் கைக்கெட்டும் தொலைவில்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை.